படுகளத்துக்கு வரும் ஊர்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியப் படைத்தளங்கள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று எங்கள் ஊரில். அதற்குப் பிறகு வெளியூர் நண்பர்கள் வருவது கூடியிருக்கிறது. ராஜகிரியில் ஏறி இறங்கி, கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்து முடித்தபின், "இங்கே வேறென்ன பார்க்க இருக்கிறது?" என்று கேட்பார்கள். நான் அவர்களை மேலச்சேரிக்கு அழைத்துச் செல்வேன்.

மேலச்சேரி சிறிய ஊர். பழைய செஞ்சி என்றும் அதைச் சொல்வதுண்டு. திரௌபதியம்மன் வழிபாட்டின் தாய்க்கோயில் அங்கிருப்பதுதான் என்பது இப்பகுதியில் வழிவழியாக வரும் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய பெருநூலின் முதல் தொகுதிக்கு 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்ததற்கு அந்த நம்பிக்கையே காரணம். கோட்டையைப் பார்க்க வந்தவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கும். பிரமாண்டம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஊருக்கு உலகத்திடம் சொல்ல ஏதாவது ஒரு செய்தி இருந்தால், அது கோட்டைச் சுவரில் இல்லை, இந்தக் கோயில்களின் திருவிழாவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இப்பகுதித் திரௌபதியம்மன் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகலில் வில்லி பாரதப் பிரசங்கம். இரவில் தெருக்கூத்து. துகில் உரியும் கூத்தன்று துச்சாதன வேடம் கட்டுபவர் முன்னதாகவே அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் சேலையில் கை வைப்பார். கடைசி நாள் படுகளம். வெட்டவெளியில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். சில ஊர்களில் பெண்கள் துடைப்பத்தோடு வந்து கூத்தில் தோன்றும் துரியோதனனை அடிப்பார்கள். திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி. அன்று ஊரில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை.

பல ஆண்டுகள் நானும் இதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். பிறகொரு நாள் ஒரு விஷயம் உறைத்தது. சபையில் அவள் கேள்வி கேட்டபோது பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், கட்டிய கணவர்கள் ஐவரும் இருந்தார்கள். விதுரனும் விகர்ணனும் பேசினார்கள்; பேச்சு எடுபடவில்லை. மற்றவர்கள் தலைகுனிந்திருந்தார்கள். அந்தச் சபை செய்யத் தவறியதைத்தான் எங்கள் கிராமங்கள் ஆண்டுதோறும் கூடிச் செய்து கொடுக்கின்றன. அவளுக்கு நேர்ந்ததை ஊர் முழுதும் கேட்கிறது. நடந்தது அநியாயம் என்று ஊர் முழுதும் ஒப்புக்கொள்கிறது. கூந்தல் முடியும்போது ஊர் முழுதும் உடன் நிற்கிறது. அவள் நடந்த நெருப்பில் ஆண்களும் நடக்கிறார்கள்.

இதே ஊர்கள் ரத்தமும் சதையுமான ஒரு பெண்ணுக்கு இதைச் செய்யுமா என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

*

2001-இல் நான் முதுகலைத் தமிழ் மாணவன். அந்த ஆண்டு செஞ்சிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஓர் இளம்பெண், சிறைக் காவலர்களாலேயே பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டதாக வழக்கு எழுந்தது. மனித உரிமை அமைப்பினரும் பத்திரிகைகளும் அதை வெளியே கொண்டுவந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதைக் கையில் எடுத்தது. மாநிலம் முழுவதும் சில காலம் அந்தப் பெண்ணின் பெயராலேயே வழக்கு பேசப்பட்டது.

எங்கள் ஊரில் என்ன பேசினார்கள் என்பதை நான் அறிவேன். தேநீர்க்கடையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஒருவர், "அவ எதுக்கு ஜெயிலுக்கு வந்தா, அதைச் சொல்லு முதல்ல" என்றார். விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டவள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் விசாரணை முடிந்து, தீர்ப்பும் சொல்லப்பட்டுவிட்டது. பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தோம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பையில் பாஞ்சாலி சபதம் இருந்தது. அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடம். துச்சாதனன் அவளை வீதி வழியே இழுத்துச் சென்றபோது கூடி நின்று வருந்தியதோடு நிறுத்திக்கொண்ட ஊராரை பாரதி எவ்வளவு கடுமையாக ஏசுகிறான் என்பதை இரண்டு பக்கத்துக்கு விளக்கி எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

பாரதி ஏசிய ஊராராவது வருந்தினார்கள். நாங்கள் அதுவும் செய்யவில்லை.

இதை ஒரு பாவமன்னிப்பாக எழுதவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அப்படி எழுதுவது எளிது, பயனும் இல்லை. அன்று பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு தேநீர்க்கடையில் ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். ஆனால் அந்தப் பெஞ்சில் தன் வீட்டில் இதுபோல் ஒன்றை மறைத்து வைத்திருந்த யாராவது உட்கார்ந்திருந்தால், இந்த ஊரில் இப்படியும் பேச ஆள் உண்டு என்று தெரிந்துகொண்டிருப்பார். அந்த அளவு போதுமானது என்று இப்போது நினைக்கிறேன்.

*

செஞ்சியின் நினைவில் இன்னொரு பெண் இருக்கிறாள். ராஜா தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு போரிட்டு மாண்டபோது அவர் மனைவி உடன்கட்டை ஏறினார் என்றும், அவர் நினைவாகவே ராணிப்பேட்டை என்ற ஊரை நவாப் உண்டாக்கினார் என்றும் சொல்வார்கள். சிறு வயதில் இந்தக் கதையைப் பெருமையோடு கேட்டிருக்கிறோம். நெருப்பில் இறங்கியவளுக்கு ஓர் ஊரே கிடைத்தது. உயிரோடு இருந்து, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தவளுக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்?

நமது மொழியே இதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. அந்த நாள்களில் எல்லா நாளிதழ்களும் எழுதிய சொல் 'கற்பழிப்பு'. தமிழ் படித்தவன் என்ற முறையில் அந்தச் சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்கிறேன். குற்றம் செய்தவன் அதில் இல்லை. அவன் செய்த வன்முறையும் இல்லை. இருப்பது பெண்ணிடம் இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு பொருளும், அது அழிந்துபோன செய்தியும் மட்டுமே. களவு போன வீட்டைப் பற்றி எழுதும்போதுகூடத் திருடனைச் சொல்கிறோம். இந்தச் சொல்லில் வீட்டுக்காரியின் ஏழ்மையை மட்டும் அறிவிக்கிறோம். பெண்ணிய எழுத்தாளர்களும் இயக்கங்களும் விடாமல் வற்புறுத்தியதால் இன்று 'பாலியல் வன்முறை', 'வன்புணர்வு' என்ற சொற்கள் பரவலாகியுள்ளன. சொல் மாறினால் உலகம் மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. மாறாது. ஆனால் பழைய சொல்லை வைத்துக்கொண்டு புதிதாக எதையும் யோசிக்க முடியாது.

அடுத்தது பெயர். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று 1983-இலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 72-ஆம் பிரிவு. இருந்தும் நம் வழக்குகள் பெண்ணின் பெயரால்தான் அழைக்கப்பட்டு வந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. 2019-இல் பொள்ளாச்சி வழக்கில், காக்க வேண்டிய காவல்துறை அதிகாரியே பெண்ணின் அடையாளத்தைச் சொன்னார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கின் முதல் தகவல் அறிக்கை மாணவியின் விவரங்களோடு வெளியே கசிந்தது. மறுபடியும் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம். ஐந்தாண்டு இடைவெளியில் அரசு பாடம் கற்கவில்லை என்பது ஒரு புறம். கசிந்ததைக் கைப்பேசியில் வாங்கி அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் யார்? நாம்தான்.

எனவே 2001 வழக்கை நான் 'செஞ்சி வழக்கு' என்றே சொல்கிறேன். பெயரைச் சுமக்க வேண்டியது அந்தப் பெண் அல்ல, ஊர்.

*

வகுப்பில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' நடத்தும்போதெல்லாம் விவாதம் எழும். 1966-இல் ஆனந்த விகடனில் வந்து தமிழ்நாட்டையே இரண்டாக்கிய கதை. மழையில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட கல்லூரிப் பெண் வீடு திரும்பித் தாயிடம் சொல்கிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும்போது சுதாரித்து, வேறு ஏதோ காரணம் சொல்லி அனுப்பிவிடுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதிலாக ஜெயகாந்தனே எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

மாணவர்கள் பெரும்பாலும் தாயின் பெருந்தன்மையில் நெகிழ்ந்து போவார்கள். நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, ரெண்டு கதையிலயும் ஊர் ஒண்ணுதானே?" என்று கேட்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னதன் சாரம் இது: முதல் கதையில் ஊருக்குத் தெரியவில்லை, ஆகவே பெண் பிழைத்தாள். இரண்டாவதில் தெரிந்துவிட்டது, ஆகவே அவள் வாழ்க்கை போயிற்று. தாய் மாறுகிறாள், ஊர் மாறவே இல்லை. ஊர் மாறுகிற மூன்றாவது கதை ஏன் எழுதப்படவில்லை?

இத்தனை ஆண்டு பாடம் நடத்திய எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. அந்தத் தாயின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்றைய சூழலில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச ஆதரவு அதுதான்: ஒரு மனுஷி, ஒரு குடம் தண்ணீர், ஒரு பொய். ஆனால் அந்தத் தண்ணீரும் கறை படிந்ததாக ஒப்புக்கொண்ட பிறகே ஊற்றப்படுகிறது. தவறு செய்யாதவளைச் சுத்தப்படுத்துவதற்கு என்ன இருக்கிறது?

இதற்கும் முன்பே, 1943-இல், புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். ராமனின் பாதத் தூளி பட்டு அகலிகை எழுந்துவிடுகிறாள். அது நொடிப்பொழுதில் நடந்துவிடும் காரியம். அதற்குப் பிறகு அவள் மனிதர்கள் நடுவே வாழ வேண்டியிருக்கிறது. ஏனையோரின் பார்வையும் பேச்சும் அவளை அரிக்கின்றன; சீதையும் தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டதும் மீண்டும் கல்லாகிறாள். விமோசனம் கடவுள் தரலாம். அதை நிலைக்க வைப்பது அண்டை வீட்டார். பெண்ணின் துயரத்தைப் பற்றிய கதையாகவே நாம் அதைப் படித்து வந்திருக்கிறோம். அண்டை வீட்டாரைப் பற்றிய கதையாகவும் படிக்கலாம்.

*

அந்த மாணவி கேட்ட மூன்றாவது கதை எழுதப்படாமல் இல்லை. எழுத்தாளர்கள் எழுதவில்லை, அவ்வளவுதான். எங்கள் பகுதியிலேயே அது நடந்திருக்கிறது.

1993-இல் விழுப்புரம் பகுதியின் அத்தியூரில் ஓர் இருளர் இளம்பெண், விசாரணைக்கு என்று வந்த புதுச்சேரிக் காவலர்களால் வன்முறைக்கு ஆளானார். இருளர்களின் நிலை இப்பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஏரிக்கரையில் குடிசை, செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்கு அடிமை வேலை, எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அவர்கள் மேல் வழக்கு. சாதிச் சான்றிதழ் வாங்குவதற்கே பல ஆண்டுகள் நடக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு குடும்பம் காவலர்களுக்கு எதிராகப் புகார் கொடுப்பதாவது!

அந்தக் குடும்பத்துக்குத் துணையாகப் போனவர் திண்டிவனத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி. கல்யாணி என்று பழையவர்கள் அறிவார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2006-இல், விழுப்புரம் நீதிமன்றம் ஆறு காவலர்களுக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. சட்டப்படி பார்த்தால் இது தோற்றுப்போன வழக்கு. ஆனால் அந்த வழக்கால் உண்டான சங்கம் தோற்கவில்லை. 2011-இல் திருக்கோவிலூர்ப் பகுதியில் நான்கு இருளர் பெண்கள் காவலர்கள் மீது புகார் சொன்னபோது, அவர்கள் முதலில் தேடிப் போக ஓர் இடம் இருந்தது. 1993-இல் அப்படி ஓர் இடம் இல்லை. ஊர் மாறுவது என்றால் இதுதான்.

வாச்சாத்தி இன்னும் பெரிய கதை. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தத் தருமபுரி மாவட்டக் கிராமத்துக்குள் புகுந்தன. ஊர் சூறையாடப்பட்டது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் வழக்கை எடுத்து நடத்தின. 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். எஞ்சிய 215 பேருக்குத் தண்டனை. 2023-இல் உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் தாமே அந்த ஊருக்குச் சென்று பார்த்தார். அதே ஆண்டு, அதே செப்டம்பர் 29 அன்று, தண்டனையை உறுதி செய்தார்.

இந்த வழக்கில் நான் வியப்பது ஒன்றுண்டு. வழக்குக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. பத்தொன்பது ஆண்டுகள் விசாரணை. சிறுமியாக இருந்தவர்கள் மணமாகித் தாயானார்கள். அவ்வளவு காலமும் அந்த ஊர் அந்தப் பதினெட்டுப் பேரையும் விலக்கி வைக்கவில்லை. 'உங்களால்தான் ஊருக்கு அவமானம்' என்று சொல்லவில்லை. ஊரே புகார்தாரராக நின்றது. கட்சியும் சங்கமும் வழக்கறிஞர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் ஊர் உடைந்திருந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

*

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிடுவார் என்று தெரியும். ஊர் கூடுவதை இவ்வளவு புகழ்கிறீர்களே, ஊர் எதற்கெல்லாம் கூடுகிறது என்று பார்த்தீர்களா என்பார். பார்த்திருக்கிறேன். திரௌபதியம்மனையே எடுத்துக்கொள்வோம். எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், 2023-இல், தலித் மக்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஊர் கூடியது. ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தலித் மக்கள் உள்ளே சென்று கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று. ஆதரவற்றுச் சபையில் நின்ற ஒருத்தியைத் தெய்வமாக்கிவிட்டு, அவள் வாசலிலேயே ஒரு சபையைக் கூட்டித் தடுத்த விந்தையை நாம் கண்டோம்.

2018-இல் ஜம்மு காஷ்மீர் மாநிலத்துக் கத்துவாவில் எட்டு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஊர்வலம் போனார்கள். 2002 குஜராத் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்ட பதினொருவர் 2022 ஆகஸ்ட் 15 அன்று விடுவிக்கப்பட்டபோது மாலை போட்டு வரவேற்றார்கள்; 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளைச் சொல்லவே வேண்டாம். அபராதம் கட்டச் சொல்வது, இல்லாவிட்டால் அவனுக்கே கட்டி வைப்பது. ஊர்ப் பஞ்சாயத்து மட்டுமல்ல, 2015-இல் சென்னை உயர்நீதிமன்றமே ஒரு பாலியல் வன்முறை வழக்கைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. இத்தகைய வழக்குகளில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அதே சமயத்தில் வேறொரு வழக்கில் சொன்ன பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே கூடுவது தன்னளவில் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. யாரைச் சுற்றிக் கூடுகிறோம், என்ன கேட்கக் கூடுகிறோம் என்பதுதான் வேறுபாடு. ஊர் தன் மானத்தைக் காக்கக் கூடினால் பெண் பலியாவாள். அது பெரும்பாலும் உறுதி. ஏனென்றால் ஊரின் மானத்தைக் காக்க எளிய வழி அவள் வாயை அடைப்பது. அவள் என்ன கேட்கிறாள் என்று கேட்பதற்காகக் கூடினால் மட்டுமே அது ஆதரவு. படுகளத்தில் கூந்தலை முடிவது திரௌபதிதான். ஊர் அவளுக்குப் பதிலாக முடிந்துவிடுவதில்லை. எப்போது முடிய வேண்டும் என்று அவளுக்குச் சொல்வதும் இல்லை.

பெயர் விஷயத்திலும் இதையே சொல்வேன். பிரான்சில் ஜிசேல் பெலிக்கோ 2024-இல் தன் வழக்கை மூடிய அறையில் நடத்த வேண்டாம், எல்லோரும் பார்க்கட்டும் என்று தாமே கேட்டுக்கொண்டார். அவிஞோன் நீதிமன்ற வாசலில் பெண்கள் கூடி நின்று அவர் வரும்போதும் போகும்போதும் கைதட்டினார்கள். டிசம்பரில் 51 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. பொள்ளாச்சிப் பெண்களோ தங்கள் பெயர் தெரியாமல் மூடிய அறையில் சாட்சி சொன்னார்கள். ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு தெரிவித்தது; 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. ஒருவர் முகத்தைக் காட்டினார், மற்றவர்கள் காட்டவில்லை. இரண்டும் துணிவே. பெயர் அவர்களுடையது. தருவதும் தராததும் அவர்கள் உரிமை. எடுத்துக்கொள்ளத்தான் நமக்கு உரிமை இல்லை.

*

படித்தவர்களாகிய நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், முதலில் ஒரு பழைய செய்தியை நினைவூட்டுவேன். மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்தில் வன்முறைக்கு உள்ளான வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1979-இல் அதை எதிர்த்து உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அதிலிருந்து கிளம்பிய போராட்டம்தான் 1983 சட்டத் திருத்தத்தில் முடிந்தது. நான்கு ஆசிரியர்கள், ஒரு கடிதம். திண்டிவனத்தில் ஓர் இயற்பியல் ஆசிரியர். தமிழ் ஆசிரியர்கள் எங்கே இருந்தோம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய காரியங்கள் எல்லோராலும் ஆகாது. சிறிய காரியங்கள் ஆகும். செஞ்சியிலிருந்து விழுப்புரம் நீதிமன்றத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் இன்னொரு நாள். அந்தப் பேருந்தில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து போவது பேருதவி. எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம், எல்லை எது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்பதைத் தெரிந்து வைத்திருந்து உடன் போய்ச் சொல்வது உதவி. அரசு மருத்துவமனை ஆனாலும் தனியார் ஆனாலும் கட்டணமின்றி முதல் சிகிச்சை தர வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். இருவிரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2022-இல் மீண்டும் கண்டித்து, அதைச் செய்வது முறைகேடு என்றது. 181 என்ற எண் பெண்களுக்கு, 1098 குழந்தைகளுக்கு. இவற்றை வகுப்பில் சொல்ல எந்தப் பாடத்திட்டமும் தடையில்லை. அகலிகை கதை நடத்துகிற மணி நேரத்திலேயே சொல்லலாம்.

இன்னொன்று, செலவே இல்லாதது. தேநீர்க்கடையிலோ ஆசிரியர் அறையிலோ யாராவது 'அவள் ஏன் அங்கே போனாள்' என்று ஆரம்பிக்கும்போது, சும்மா இருக்காமல் இருப்பது.

மூன்றாவது கதையைக் கேட்ட மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். அந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் கூடாது. ஆனால் அன்று வகுப்பு முடிந்ததும் அவளிடம் ஒன்று சொல்லியிருக்கலாம்: எப்போது வேண்டுமானாலும், எதற்காக வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று. சொல்லவில்லை. மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இப்போதெல்லாம் அந்தக் கதையை நடத்தி முடித்ததும் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக அதைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை இருவர் வந்திருக்கிறார்கள்.